பீரங்கித் தூரமும் விரல் நுனியும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சுடுகலையும் காயப்பட்ட கையும்

தமிழகக் கடற்கரையில் பீரங்கி நிலம் அளக்கும் கருவியாகப் பயன்பட்ட இடம் கடலூர். முகலாயப் படை செஞ்சியை நெருங்கிக்கொண்டிருந்த 1690ஆம் ஆண்டில், பணமுடையில் இருந்த மராத்திய மன்னர் இராஜாராம், கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த சிறு கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் கைமாறும் என்பதை வேலியோ ஓடையோ கொண்டு வரையறுக்காமல், கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எத்திசையில் எவ்வளவு தொலைவு சென்று விழுகிறதோ அவ்வளவும் கம்பெனிக்கு உரியது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அப்போது சென்னைக் கோட்டையின் தலைவராக இருந்த எலிஹு யேல், இந்த நிபந்தனையின் பயனை நன்கு உணர்ந்தவராகையால், சென்னையிலிருந்து நல்ல வெண்கலப் பீரங்கி ஒன்றையும் அதைக் கையாளத் தெரிந்த ஆட்களையும் அனுப்பிவைத்தார். பீரங்கி பல திசைகளிலும் திருப்பிச் சுடப்பட்டது. குண்டுகள் விழுந்த இடங்களை இணைத்த வட்டத்துக்குள் கடலூர் நகரமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அடங்கின. அவை குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரும் குண்டுசாலை என்னும் தெருப்பெயரும் இன்றும் அங்கே வழங்குகின்றன. வாங்கப்பட்ட கோட்டைக்கு யேல் தம் முன்னோரின் வேல்ஸ் நாட்டுக் காவல் புனிதரின் பெயரால் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார் என்பது பொதுவான கருத்து.

நிலம் வாங்குபவரே அளவுகோலையும் கொண்டுவந்து, அளப்பதற்கு ஆளையும் அனுப்பிய இந்தப் பேரத்தில் நேர்மை எவ்வளவு இருந்தது என்பது வேறு கேள்வி. சுடுகலையின் வரலாற்றுக்கு இங்கே முக்கியமானது, அந்தப் பீரங்கிக்கு இலக்கு என்று ஒன்று இல்லை என்பதுதான். அக்காலப் பீரங்கி நூல்கள் இருவகைச் சுடுதலைப் பிரித்துப் பேசின. குழலைத் தரைக்கு இணையாக வைத்துக் கண்ணுக்கு எதிரே தெரியும் பொருளைச் சுடுவது ஒன்று. குழலை மேல்நோக்கி உயர்த்திக் குண்டு சென்றடையக்கூடிய கடைசி எல்லை வரை செல்லவிடுவது மற்றொன்று. கடலூரில் ஒப்புக்கொள்ளப்பட்டது இரண்டாம் வகை. குழலைத் தரையிலிருந்து 45 பாகை உயர்த்தும்போது குண்டு மிக அதிகத் தொலைவு செல்லும் என்று இத்தாலியக் கணித அறிஞர் தார்த்தாலியா 1537இல் வெளியிட்ட நூலில் எழுதியிருந்தார். காற்றின் தடையைக் கணக்கில் கொண்டால் அந்தக் கோணம் சற்றுக் குறையும் என்றாலும், நடைமுறையில் பீரங்கியர்கள் அவர் காட்டிய வழியையே பின்பற்றினர். குழலின் வாயில் ஒரு கோலைச் செருகி, அதிலிருந்து தொங்கும் தூக்குநூல் எந்தக் கோட்டில் படிகிறது என்று பார்த்துச் சாய்வை அளக்கும் கால்வட்டக் கருவி அவர்களிடம் இருந்தது. படுகிடைக்கும் செங்குத்துக்கும் இடைப்பட்ட பகுதி அதில் பன்னிரண்டு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்க, ஆறாம் கூறே மிகைத் தொலைவுக்குரியது. ஆகவே 1690இல் சுட்டவரின் திறமை வெடிமருந்தின் அளவிலும் குழலின் சாய்விலும் அடங்கியிருந்ததேயன்றி, கையின் நிதானத்தில் இல்லை.

அடுத்த நூறாண்டுகளில் கடலூரும் சிதம்பரமும் போர்க்களமாயின. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைக் கைப்பற்றி அரண்களை இடித்துத் தள்ளியது. சிதம்பரத்தில் நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்களும் அடுக்கடுக்கான சுற்றுகளும் கோட்டைக்குரிய தன்மை கொண்டிருந்தமையால், கர்நாடகப் போர்களில் அது ஒரு படைக்கும் மறுபடைக்குமாகக் கைமாறியது. ஹைதர் அலியின் வீரர்கள் காவல் இருந்த அக்கோயிலை 1781 ஜூன் 18ஆம் நாள் இரவு ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தாக்கி, வெளி அரண்களைக் கடந்தும் உட்சுற்று வாயிலில் தோற்றுப் பின்வாங்கினார். அதன்பின் இரண்டு வாரம் கழியுமுன், ஜூலை 1ஆம் நாள், அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் மணற்குன்றுகளுக்கிடையே தம்மைவிடப் பன்மடங்கு பெரிய ஹைதரின் படையை அவரே வென்றார். 1783 ஜூனில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் காத்து நின்ற கடலூரை முற்றுகையிட்ட ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஈராண்டுக்கு முன் பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்தவர். ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தி வந்து சேர்ந்ததால்தான் அந்த முற்றுகை கைவிடப்பட்டது.

இந்தப் போர்களைப் பற்றிய நூல்கள் தளபதிகளையும் குதிரைப்படையையும் விரிவாகப் பேசுகின்றன. பீரங்கியைச் சுற்றி நின்றவர்களின் கைகளைப் பற்றி அவற்றில் அதிகம் இல்லை. அக்காலப் பீரங்கி வாய்வழியாகக் கெட்டிக்கப்படுவது. ஒருமுறை சுட்டதும் குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் துணித்துண்டும் மருந்துக் கசடும் மிஞ்சும். ஈரத் துடைப்பக் கோலை உள்ளே விட்டு அவற்றை அணைத்த பிறகே புதிய மருந்துப் பையை வைத்து, கோலால் இடித்து இறுக்க வேண்டும். துடைப்பதும் இடிப்பதும் நடக்கும் நேரமெல்லாம், குழலின் பின்புறத்தில் நெருப்பு வைக்கும் சிறு துளையை மற்றொருவர் தம் கட்டைவிரலால் இறுக மூடியிருப்பார். உலோகம் சுடும் என்பதால் அவ்விரலுக்குத் தடித்த தோலுறை உண்டு. சூடு தாங்காமல் விரலை எடுத்துவிட்டால் துளை வழியே காற்று புகுந்து, உள்ளே எஞ்சிய நெருப்பைத் தூண்ட, இடித்துக்கொண்டிருப்பவரின் கையைக் கோலோடு சேர்த்து வெடி பறித்துச் செல்லும். ஒருவரின் கட்டைவிரலை நம்பி மற்றொருவரின் இரு கைகளும் இருந்தன. இடிப்பவர் குழல் வாய்க்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இந்த ஆபத்தால் வந்ததே.

தரைப்படை வீரரின் துப்பாக்கியும் குறிபார்ப்பதற்கு ஏற்றதாக இருக்கவில்லை. கம்பெனிச் சிப்பாய்கள் ஏந்திய வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கியில் பின்புறக் குறிக்காடி கிடையாது. குண்டு குழலைவிடச் சிறியதாக இருந்ததால் உருண்டு தட்டுத்தடுமாறி வெளியேறும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட மனிதரைக் கருதிச் சுடுவது பெரும்பாலும் வீண். ஆகவே பயிற்சி முழுவதும் விரைவாகக் கெட்டிப்பதிலும் ஆணை கேட்டு ஒருசேரச் சுடுவதிலும் செலவிடப்பட்டது. கையில் குண்டுபட்டு எலும்பு நொறுங்கினால் சீழ் பிடித்து உயிர் போகும் என்ற அச்சத்தால் மருத்துவர் கையைத் துண்டித்தார். பிழைத்தவருக்குச் சுடுதலோடு உறவு முடிந்தது. அவருக்கு எஞ்சியது உதவித்தொகை மட்டுமே. 1756இல் புனித டேவிட் கோட்டையின் துணை ஆளுநராகப் பொறுப்பேற்ற ராபர்ட் கிளைவ், பின்னாளில் வங்காள நவாப் மீர் ஜாஃபர் தமக்கு விட்டுச் சென்ற ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு 1770இல் நிறுவிய நிதி, கம்பெனிப் பணியில் உடல் முடமான வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கியது. கையைத் திரும்பப் பெறுவது பற்றிய எண்ணமே அக்காலத்தில் இல்லை. இழந்த கைக்கு ஈடாக என்ன கொடுப்பது என்பதே கேள்வியாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குழலின் உட்புறம் திருகு வரிகள் வெட்டப்பட்ட ரைஃபிள் பரவலாயிற்று. வரிகளில் சுழன்றபடி வெளியேறும் குண்டு நேராகச் செல்லும். எனவே தனி மனிதரின் கண்ணுக்கும் மூச்சுக்கும் விரலுக்கும் முதன்முறையாக மதிப்பு உண்டாகி, குறிபார்த்துச் சுடுவது ஒரு விளையாட்டாகவும் வளர்ந்தது. 1860 ஜூலை 2ஆம் நாள் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் நடந்த முதல் பெரும் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா மகாராணி, தாங்கியில் அசையாமல் பொருத்தப்பட்ட ரைஃபிளின் விசையைப் பட்டுக்கயிற்றால் இழுத்து, 400 கெஜத்துக்கு அப்பால் இருந்த பலகையின் மையத்தை ஒட்டிச் சுட்டார். கை நடுங்கக்கூடும் என்பதை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தத் தாங்கியே சான்று.

இந்தியர்களுக்கு இவ்விளையாட்டு எளிதில் வாய்க்கவில்லை. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்து, ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு அளித்தது. நரிக்குறவரின் நாட்டுத் துப்பாக்கியும் நிலக்கிழார்களின் வேட்டைத் துப்பாக்கியும் காவல்துறையின் கவாத்து மைதானமும் தவிர, ஊர்ப்புறத்தில் சுடும் ஓசை கேட்பதற்கு இடமிருக்கவில்லை. விடுதலைக்குப் பின் 1951இல், பின்னர் மக்களவைத் தலைவரான மாவ்லங்கரைத் தலைவராகக் கொண்டு இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டில் சென்னை ரைஃபிள் கிளப் தோன்றியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய மாணவர் படை வழியாகக் கல்லூரி மாணவர்கள் .22 ரைஃபிளை முதன்முதலாகத் தோளில் வைத்துப் பார்த்தார்கள்.

குண்டு எவ்வளவு தொலைவு போகும் என்ற கேள்வியில் தொடங்கிய இந்த வரலாறு, கை எவ்வளவு அசையாமல் நிற்கும் என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. அதன் இன்றைய முகமாகக் கடலூரில் பிறந்தவர் ஒருவர் விளங்குவது தற்செயலே என்றாலும் குறிப்பிடத்தக்கது. 1999இல் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையிலும் அதே ஆண்டு சீனாவின் புட்டியானில் நடந்த இறுதிப் போட்டியிலும் தங்கம் வென்றார். காற்றுத் துப்பாக்கி என்பது வெடிமருந்து இன்றி அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மில்லிமீட்டர் ரவையைச் செலுத்துவது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. ரவை மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் விலகும் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு புள்ளி குறையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அறுபது முறை சுட்டு 630.7 புள்ளிகள், அதாவது முறைக்குச் சராசரியாகப் பத்தரைக்கும் சற்று மேல், பெற்றும் அவர் பத்தாம் இடத்தில் நின்று, எண்மர் மட்டுமே செல்லும் இறுதிச் சுற்றை இழந்தார். இத்தகைய கணக்கில் இடம்பெற வேண்டிய கை காயப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி பீரங்கிக் காலத்தில் எழுந்திருக்க முடியாது.

அக்கேள்விக்கு முதல் பெரும் விடை ஹங்கேரியிலிருந்து வந்தது. அந்நாட்டு இராணுவத்தில் சார்ஜென்டாக இருந்த கரோலி தகாச், 1938இல் பயிற்சியின்போது பழுதான கையெறிகுண்டு வெடித்து, தாம் சுடும் வலக்கையை இழந்தார். ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தபின், யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகி, அடுத்த ஆண்டே நாட்டின் பிஸ்டல் போட்டியில் வென்றார். உலகப் போரால் இரண்டு ஒலிம்பிக்குகள் நடைபெறாமல் போக, 1948இல் இலண்டனில் 580 புள்ளிகளோடு உலக சாதனை படைத்துத் தங்கம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கியில் 579 புள்ளிகளோடு அதைத் தக்கவைத்தார். அவர் போட்டியிட்ட பிரிவில் 25 மீட்டர் தொலைவில் வரிசையாக உள்ள ஐந்து இலக்குகளை எட்டு, ஆறு, நான்கு விநாடிகளுக்குள் அடுத்தடுத்துச் சுட வேண்டும். தகாச்சின் கதையை மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதே வழக்கம்; ஆனால் அதில் சொல்லப்படாத செய்தி, அவருடைய வலக்கையை மீட்டுத்தர அன்றைய மருத்துவத்தால் முடியவில்லை என்பதும், அதனால் அவர் திரும்பி வந்தது காயப்பட்ட கையோடு அல்ல, மற்றொரு கையோடு என்பதும் ஆகும்.

காயப்பட்ட கையையே திரும்ப வேலைக்குக் கொண்டுவரும் மருத்துவம் வளர்ந்ததில் தமிழகத்துக்குப் பெரும் பங்குண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கி முறுக்கிய கைகளைக் கண்ட அவர், அவற்றில் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை என்பதைக் கவனித்து, வலுவுள்ள தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் வெண்ணிறக் கயிற்றை, வேறிடத்தில் மாற்றித் தைக்கும் அறுவையை 1948இல் தொடங்கினார். மோதிர விரலை மடக்கும் நாண்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் பொருத்தினால், நோயாளி மோதிர விரலை மடக்க நினைக்கும்போது கட்டைவிரல் அசையும். பல வாரப் பயிற்சிக்குப் பின் அந்தச் சுற்றுவழி மறைந்து, நினைத்த விரலே நினைத்தபடி அசையத் தொடங்கும். கத்தியின் வேலை ஒரு நாளில் முடிந்தாலும் மூளையின் வேலை மாதக்கணக்கில் நீளும் என்பதை உணர்ந்து, அறுவையோடு பயிற்சியையும் சேர்த்தே அமைத்ததுதான் வேலூரின் தனிச் சிறப்பு. பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைப் பிரிவு, ஆலையிலும் சாலையிலும் நசுங்கிய தொழிலாளர் கைகளுக்கு இம்முறையை விரிவாக்கியது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது, சுடுபவர் ஒருவர் கைக்காயத்திலிருந்து மீண்டு களத்துக்குத் திரும்பும் வழி தெளிவாகிறது. தைக்கப்பட்ட நாண் முதல் சில வாரங்கள் மிகவும் வலுக்குறைந்தது. முழுவதும் அசைக்காமல் வைத்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும், பளுவைத் தூக்கினால் அறுந்துபோகும். எனவே மட்டையிட்டுக் காத்தவாறே அளவோடு அசைக்கிறார்கள்; முழுப்பளுவைத் தாங்கும் நிலை சுமார் மூன்று மாதத்துக்குப் பின்னரே வரும். அறுந்த நரம்பு அதைவிட மெதுவானது. அது நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால், மணிக்கட்டில் வெட்டுப்பட்ட நரம்பு ஆள்காட்டி விரல் நுனியை எட்ட ஏறத்தாழ அரை ஆண்டு பிடிக்கும். சுடுபவருக்கு இது பிடிவலுவைக் காட்டிலும் பெரிய தடை. விசையை வலுவால் இழுப்பதில்லை. விரல் நுனியின் சதைப்பகுதி அதன் எதிர்ப்பை உணர்ந்து, துளித்துளியாக அழுத்தத்தைக் கூட்டி, எந்தக் கணத்தில் விடுபடும் என்று அறியாததுபோலவே விடுவிக்க வேண்டும். உணர்வு மரத்த விரல் அந்த எதிர்ப்பை அறியாமல் வெடுக்கென்று இழுத்துவிடும்; குழல் அசையும்.

எந்தப் பிரிவுக்கு முதலில் திரும்பலாம் என்பதற்கும் விதிமுறைகளிலேயே விடை உண்டு. 25 மீட்டர் பிஸ்டலின் விசை குறைந்தது ஒரு கிலோ எடையைத் தாங்க வேண்டும். காற்றுப் பிஸ்டலுக்கு அரைக் கிலோ. காற்று ரைஃபிளுக்குக் கீழ்வரம்பே கிடையாது. ஆனால் காற்று ரைஃபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அந்த எடையைத் தசையால் தூக்காமல், துப்பாக்கியைத் தாங்கும் கையின் முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி எலும்பின் மேல் இறக்கி நிற்பது மரபு என்றாலும், அந்தக் கையின் மணிக்கட்டுக்கு அதன் சுமை போய்ச் சேரும். பிஸ்டலோ ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிப்பது. ஆகவே விசைவிரலில் காயம்பட்டவருக்கும் தாங்கும் கையில் காயம்பட்டவருக்கும் மீளும் பாதை வேறு வேறு. இருவருக்கும் பொதுவான முதற்படி, ரவை இல்லாமல் வெற்றுத் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பழகுவது; இதில் அதிர்வு இல்லை, புள்ளி இல்லை, தோல்வியும் இல்லை. நலமாக இருப்பவர்களும் பயிற்சியின் பெரும்பகுதியை இப்படித்தான் செலவிடுகிறார்கள் என்பதால், மீள்பவருக்கு இது தண்டனை என்று கருதத் தேவையில்லை.

பொறுமையிழந்து முந்தித் திரும்புவோர் வலியைத் தவிர்க்கப் பிடியை மாற்றிக்கொள்வதும், கை ஆறியபின் அந்தப் பிழைப் பிடி மட்டும் நிலைத்துவிடுவதும் பயிற்சியாளர்கள் அறிந்த சிக்கல். இதற்கு மாறாக, 25 மீட்டர் பிஸ்டலில் 2013ஆம் ஆண்டு சாங்வோன் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற ராஹி சர்னோபத், பின்னர் முழங்கைக் காயத்தால் நீண்ட காலம் ஒதுங்கியிருந்து, மங்கோலியாவில் பிறந்த முன்னாள் உலகச் சாம்பியன் முங்க்பயார் தோர்ஜ்சுரேனிடம் பயின்று, 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றார்; அப்போட்டிகளில் துப்பாக்கிச் சுடுதலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே.

கை முழுமையாகத் திரும்பாதவர்களுக்கும் களம் மூடப்படவில்லை. 1976 முதல் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் இவ்விளையாட்டில், துப்பாக்கியின் எடையைத் தாமே தாங்கக்கூடியவர்கள் ஒரு பிரிவாகவும், தாங்க இயலாமல் வில்சுருள் பொருத்திய தாங்கியின் மேல் ரைஃபிளை வைத்துச் சுடுபவர்கள் மற்றொரு பிரிவாகவும் போட்டியிடுகின்றனர். பிறவியிலேயே வலக்கை வளர்ச்சி குன்றிய மணீஷ் நர்வால், முதற்பிரிவில் இடக்கையால் சுட்டு, டோக்கியோவில் 50 மீட்டர் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார். இரண்டாம் பிரிவின் தாங்கி எடையை ஏற்றுக்கொள்கிறதே தவிர, வில்சுருள் காரணமாக ரைஃபிளை அசையாமல் பூட்டி வைப்பதில்லை. குறியைப் பிடித்து நிறுத்துவதும் விசையை விடுவிப்பதும் சுடுபவரிடமே விடப்பட்டிருக்கின்றன.